முதுகில் ஒட்டிய சருகு

தேவஇரக்கம் தவறி விழுந்துதான் இறந்தார் என்பதில் வெண்குழியில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, அவர் மனைவி லீலாவைத் தவிர. அடக்கம் முடிந்த மறுநாளே லீலா நிலாத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் புகார் அனுப்பினாள். என் கணவர் விழவில்லை, விழவைக்கப்பட்டார் என்று ஒரே ஒரு வரிதான் அதில் இருந்தது. வாரியம் மங்கையர்க்கரசியை விசாரிக்க அனுப்பியது.

வெண்குழி நிலவின் தரைக்கு மேலே இல்லை. பழைய எரிமலைக் குகை ஒன்றை அடைத்து, காற்று நிரப்பிக் கட்டிய குடியிருப்பு அது. வெளிச்சம் வேண்டும் என்பதால் காய்கறித் தோட்டம் மட்டும் தரையை ஒட்டி மேலே இருந்தது. வீடுகள், சாப்பாட்டுக் கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வெகு ஆழத்தில். இரண்டையும் இணைப்பது ஒரு லிஃப்ட் குழி. இருபது மாடி உயரம் இருக்கும். அங்கே அதைக் கிணறு என்றுதான் சொல்வார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த லிஃப்டைக் காலையிலும் மாலையிலும் மட்டுமே ஓட்டினார்கள். மற்ற நேரத்தில் தோட்டத்து ஆட்கள் கிணற்றுச் சுவரில் பதித்திருந்த இரும்பு ஏணியில் ஏறி இறங்கினார்கள். ஏணியில் போகக்கூடாது என்று விதி இருந்தது. ஆனால் உடம்பு ஆறில் ஒரு பங்கு கனக்கும் இடத்தில் இருபது மாடி ஏறுவது ஒரு பெரிய வேலையா? எல்லோரும் ஏறினார்கள்.

நிர்வாகி நாச்சிமுத்து அரசியைக் கிணற்றடிக்கே அழைத்துப்போய்க் காட்டினார். பொள்ளாச்சிக்காரர். பேச்சில் மரியாதை குறையவே குறையாது.

"இங்கதானுங்க கிடந்தாரு. மேல தோட்டத்துல இருந்து காஞ்ச சருகை மூட்டை கட்டி எடுத்துட்டு வந்திருக்காரு. கீழ உரக்குழி இருக்குதுங்களே, அதுக்கு. பாதியில கை நழுவிருச்சு."

"இங்க எடை ரொம்பக் கம்மியாச்சே. விழுந்தா சாவு வருமா?"

"வருமுங்க. நிலா மெதுவாத்தான் இழுக்கும். ஆனா விட்டுவிட்டு இழுக்காதுங்களே, விழற நேரம் முழுக்க இழுத்துட்டே இருக்கும். இந்த உயரத்துல இருந்து தரையைத் தொடறப்போ, நம்ம ஊர்ல மூணாவது மாடியில இருந்து விழுந்த அடி இருக்கும்."

"எப்போ விழுந்தார்?"

"சாயங்காலம் லிஃப்ட் விடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. நானேதான் கதவைத் திறந்து பார்த்தேன்."

சொல்லும்போது அவர் தரையைப் பார்க்கவில்லை, அரசியின் முகத்தையும் பார்க்கவில்லை. இருபது வருடமாக விபத்துகளை விசாரித்தவள் அரசி. மனப்பாடம் செய்த பேச்சு அவள் காதுக்குத் தனியாகக் கேட்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹசீனா இன்னும் மோசம். கேள்வி கேட்கும் முன்பே அலமாரியை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"தலையில அடி. இடுப்பு எலும்பும் கழுத்தும் முறிஞ்சிருந்தது. அவ்வளவுதான் மேடம்."

"விழுந்து செத்தாரா, செத்த பிறகு விழுந்தாரா?"

டாக்டரின் கை அலமாரிக்குள் அப்படியே நின்றது. "சாயங்காலம் விழுந்தார்னு நிர்வாகி சொன்னார். நானும் அப்படியே எழுதினேன்."

"நான் கேட்டது அது இல்லையே."

"நிர்வாகிகிட்ட கேளுங்க மேடம்."

சாப்பாட்டுக் கூடத்தில் அரசி தட்டோடு உட்கார்ந்தபோது பக்கத்து மேசைப் பேச்சு தணிந்தது. கொஞ்ச நேரத்தில் தோட்டத்து ஆள் ஒருவர் தானாகவே எதிரே வந்து உட்கார்ந்து, மேற்கூரையில் இருந்த சாம்பல் நிற ஒட்டுப் பட்டையைக் காட்டினார். தேவஇரக்கம் செத்த அன்றைக்குத்தான், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், குகைப் பாறையில் விரிசல் விட்டு, கூரையில் கையளவு ஓட்டை விழுந்ததாம். காற்று வெளியே பீய்ச்சிக்கொண்டு போனதாம். காதெல்லாம் அடைத்து, குழந்தைகள் அலறி, இனி அவ்வளவுதான் என்று நினைத்த நேரத்தில் காற்று திரும்பி வந்து நிறைந்தது. அதற்குள் ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

"எந்த இடத்துக்குக் காத்து போகணும்னு பாக்குற காத்து மேசையில அன்னிக்கு லீலா அக்கா. டக்குனு காத்த அனுப்பிட்டாங்க. இல்லேன்னா நான் உங்ககூட இப்படி உக்காந்து பேசிக்கிட்டிருக்க முடியாது. அப்படி ஒரு நல்ல காரியம் பண்ணுன அன்னிக்கே அவங்க தாலி போச்சு பாருங்க."

"அன்னிக்கு மத்தியானம் நீங்க யாராவது கிணத்துல ஏறி இறங்கினீங்களா?"

"எங்க ஏற? ஓட்டைய அடைச்ச கையோட கிணத்துக் கதவு ரெண்டையும் பூட்டிட்டாரே நிர்வாகி. லிஃப்டுக்கு எண்ணெய் போடணும்னாரு. மேல இருந்தவங்க எல்லாரும் சாயங்காலம் வரைக்கும் மேலயே கிடந்தாங்க."

அரசி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். மேல் கதவும் கீழ்க் கதவும் மத்தியானத்திலிருந்து பூட்டியிருந்தால், சாயங்காலம் விழுந்தவர் எந்த வழியாக உள்ளே போனார்?

*

லீலா குடியிருந்தது ஒற்றை அறை. அழுது ஓய்ந்த முகம் இல்லை அது. அழுகையை எப்போதைக்கோ ஒத்திவைத்த முகம். சாயர்புரம் பக்கத்துக்காரி. கட்டில் மேல் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் செய்தாள்.

"உக்காருங்கம்மா. அவிய விழுந்துட்டாவன்னு ஆள் வந்து சொன்னதும் ஓடிப் போனேன். தொடாதீங்கன்னு நிர்வாகி கத்துனாரு. நான் கேக்கல. தூக்கி மடியில போட்டுக்கிட்டேன். முதுகு பூரா சருகும்மா. மூட்டை கட்டியிருந்த அந்த மெல்லிசு வெள்ளைத் துணி இருக்குல்லா, நாத்துக்குப் போத்துவாவளே, அதும் முதுகுக்கு அடியிலதான் நசுங்கிக் கெடந்துச்சு."

"சரி."

"சருகு எப்படிம்மா அவியளுக்கு முந்தி கீழ வரும்?"

அரசிக்கு உடனே பிடிபடவில்லை. லீலா எழுந்து, மேசை மேலிருந்த ஸ்பூனை ஒரு கையிலும் கைக்குட்டையை ஒரு கையிலும் எடுத்து, தலை உயரத்தில் பிடித்து ஒன்றாக விட்டாள். ஸ்பூன் பொறுமையாக இறங்கித் தரையில் விழுந்தது. கைக்குட்டை விரிந்து, அப்படியும் இப்படியும் சரிந்து, இறங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் அந்தரத்திலேயே நின்றது.

"நிலா ரெண்டையும் ஒரே மாதிரிதாம்மா இழுக்கு. கனமா இருக்குன்னு வேகமா இழுக்காது. எடையில வித்தியாசம் இல்ல, காத்துலதான் வித்தியாசம். ஸ்பூனைக் காத்தால தடுக்க முடியல. துணியத் தாங்கிப் பிடிச்சிக்கிடுது. இழுப்பு கம்மியான ஊருல அது இன்னும் லேசா தாங்கும். நான் காத்து மேசையில வேலை பாக்கேன், இது எனக்குத் தெரியாதா? கிணத்துல காத்து இருந்திருந்தா, அவிய விழுந்து ரொம்ப நேரங்கழிச்சுத்தான் சருகு வந்திருக்கும். அவிய நெஞ்சு மேலல்லா விழுந்திருக்கும்?"

"அப்போ கிணத்துல..."

"காத்து இல்ல. யாரோ காத்த உறிஞ்சிருக்காவ. அவிய ஏணியில நிக்கும்போது. காத்து இல்லேன்னா கல்லும் சருகும் மனுசனும் எல்லாம் ஒண்ணாத்தான் விழும்." அவள் குரல் இறங்கியது. "அவிய கை நகம் ரெண்டு உடைஞ்சிருந்துச்சு. தொட்டா கை கட்டையா வெறச்சிக் கெடந்துச்சு."

அரசி நிமிர்ந்தாள். விழுந்து அரை மணிகூட ஆகாத உடம்பு விறைக்காது. "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"லிஃப்ட மத்தியானமும் ஓட்டணும், எங்களால மூட்டையோட ஏணியில இறங்க முடியலன்னு அவிய நிர்வாகிகிட்ட ரெண்டு மாசமா சண்டை போட்டாவ. ஆள் சேத்துக் கையெழுத்தும் வாங்குனாவ. வேற என்னம்மா காரணம் வேணும்?"

*

அரசி கேட்டதும் நாச்சிமுத்து மறுக்கவில்லை. மறுக்காதது அவள் சந்தேகத்தைக் கூட்டியது.

"மூட்டை முதல்ல நழுவியிருக்குமுங்க. அதைப் பிடிக்கப் போய் இவரு பின்னாடி விழுந்திருப்பாரு. சருகு அடியில இருக்கறதுல என்னங்க அதிசயம்?"

"நாளைக்குப் போட்டுப் பார்த்துருவோம். அதே மாதிரி ஒரு மூட்டை சருகு, ஒரு ஆள் கனத்துக்கு மண் மூட்டை. சருகை முதல்ல விடட்டும், மண்ணைப் பின்னாடி விடட்டும்."

"செரிங்க. ஆனா அந்தம்மா வேண்டாங்க. அவங்க ரூம்லயே இருக்கட்டும்."

"அவங்கதான் புகார் குடுத்தவங்க. அவங்க இல்லாம எப்படி?"

"வேண்டாம்னு சொல்றேனுங்க." முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "அவங்க பார்க்கற மாதிரி இருக்காதுங்க."

அந்த அம்மாள் எதைப் பார்த்துவிடக்கூடாது என்று இவர் பயப்படுகிறார்? அரசி அதை மனதில் குறித்துக்கொண்டாள். லீலா கட்டாயம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான்.

மறுநாள் காலை லிஃப்டை மேலே நிறுத்திவிட்டு, கிணற்றடிக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான்கு பேர் நின்றார்கள். அரசி, லீலா, நாச்சிமுத்து, வரவழைக்கப்பட்ட டாக்டர் ஹசீனா. மேல் கதவுக்கு உள்பக்கம் ஒரு சட்டத்தில் இரண்டு மூட்டைகளையும் தொங்கவிட்டிருந்தார்கள். கீழிருந்து பொத்தானை அமுக்கினால் கொக்கி விடும்.

முதலில் சருகு மூட்டை. கொக்கி விட்டதும் துணி அவிழ்ந்துகொண்டது. அடுத்து உடனே மண் மூட்டை. சிறிது நேரத்தில் மண் மூட்டை சருகைத் தாண்டி வந்து தடாலென்று தரையில் மோதியது. கதவு அதிர்ந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். லீலா கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். வெகு உயரத்தில் பழுப்புப் புள்ளிகள் மிதந்து, சுழன்று, சுவரில் உரசி, ஒன்றையொன்று விலகி மெல்ல மெல்ல இறங்கி வந்தன. மூலை மூலையாக, தரை முழுக்கப் பரவின. மண் மூட்டையின் மேலும் நாலைந்து உட்கார்ந்தன. வெள்ளைத் துணி கடைசியாக வந்து ஏணியில் மாட்டிக்கொண்டது.

"முதல்ல விட்டும் முதல்ல வரல," என்றாள் அரசி. "வந்ததும் குவியலா விழல. இப்போ கிணத்துல காத்தை எடுத்துட்டு ரெண்டையும் ஒண்ணா விடுங்க."

நாச்சிமுத்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "தனியா ஒரு வார்த்தை பேசலாங்களா?"

"இங்கேயே பேசுங்க."

"மேடம், சொன்னாக் கேளுங்க. என்னை எழுதிக்கங்க. நான்தான் காரணம்னு எழுதிக்கங்க. இது மட்டும் வேண்டாம்."

"காத்தை எடுக்க முடியாதா, எடுக்க முடியும்னு தெரியக்கூடாதா?"

டாக்டர் ஹசீனா ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அவர் பார்வை லீலாவின் மேல் இருந்தது. அதில் இருந்தது பயம் இல்லை என்று அரசிக்குப் பட்டது. ஆனால் அது என்ன என்று நின்று யோசிக்கும் பொறுமை அவளுக்கு அப்போது இல்லை. வாரியத்தின் ஆணை என்று சொன்னாள். வாரியம் சொன்னால் நிர்வாகி செய்தாக வேண்டும்.

ஆட்கள் மேலே மூட்டைகளை மறுபடி கட்டினார்கள். நாச்சிமுத்து கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் எதையோ தட்டினார். தோட்டத்துக்குக் கொஞ்சம் காற்று கூடுதலாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார் என்பது மட்டும் அரசிக்குத் தெரிந்தது. சற்றைக்கெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் ஓர் இரைச்சல். தரையில் கிடந்த சருகுகள் புரண்டு எழுந்து சுவரோரக் குழாய் வாய்க்கு ஓடின. பிறகு ஓட்டம் தளர்ந்து நின்றது. இரைச்சலும் இல்லை. கிணறு முன்பு இருந்ததுபோலவேதான் இருந்தது. பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கொக்கி விட்டது. மேலேயிருந்து மண் மூட்டையும், அவிழ்ந்த துணியும், ஒரு கை அள்ளிப் போட்டதுபோல் சருகுகளும் ஒரே கொத்தாக வந்தன. சருகு ஆடவில்லை, சுழலவில்லை. கல்லைப்போல வந்தது. விழுந்தபோது சத்தமே கேட்கவில்லை. காலடியில் தரை மட்டும் அதிர்ந்தது. துணியும் பாதிச் சருகும் மூட்டைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன.

அரசி வென்ற முகத்தோடு நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் லீலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லீலா கிணற்றைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த போனை எடுத்தாள்.

"சகாயம், லீலாக்கா பேசுதேன். இப்ப உன் மேசைக்கு என்ன வந்துச்சு?"

மறுமுனையில் பையனின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "தோட்டத்துக்குக் காத்து வேணும்னு திரையில மஞ்சக் கட்டம் வந்துச்சுக்கா. சம்மதமான்னு கேட்டுச்சு. குடுத்தேன். ஏன்க்கா?"

"எங்கேர்ந்து எடுக்குதுன்னு காட்டுச்சா?"

"அது எப்பவும் காட்டாதேக்கா. உபரியில இருந்து எடுக்கும்."

"உபரின்னா எது?"

"தொட்டியில இருக்குறதுதானக்கா? நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

லீலா போனை மெதுவாக மாட்டினாள். அது சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள்.

"அன்னைக்கு மத்தியானம் மேசையில நான்லா இருந்தேன்," என்றாள்.

நாச்சிமுத்து பலகையைக் கீழே இறக்கினார்.

"எனக்கும் மஞ்சக் கட்டந்தான் வந்துச்சு. சாப்பாட்டுக் கூடத்துக்குக் காத்து வேணும், சம்மதமான்னு. நான் யோசிக்கவே இல்ல. அமுக்கிட்டேன்." அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "அவியளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

டாக்டர் ஹசீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "காது வலிச்சிருக்கும்மா. மேல் கதவுக்கு ஏறிப்போய்த் திறக்கப் பார்த்திருக்கார், நகம் அதுலதான் உடைஞ்சது. காத்து இறங்கினா கதவு தானா இறுகிக்கும். அப்புறம் மயக்கம். விழறப்போ அவருக்கு நினைவு இல்ல. இது உங்களுக்காகச் சொல்ற பொய் இல்ல, நான் பார்த்தது."

லீலா தலையாட்டினாள். பிறகு அவர்களை விட்டு நடந்து போனாள். நிலவில் எல்லோரும் நடக்கும்போது கொஞ்சம் துள்ளுவார்கள். அவள் சுவரைத் தொட்டுக்கொண்டு, துள்ளாமல் போனாள்.

*

"எங்கிருந்து எடுக்குதுன்னு முன்னாடி அந்தத் திரை காட்டிட்டுத்தான் இருந்ததுங்க," என்றார் நாச்சிமுத்து. அவர் அறையில் அரசியும் அவரும் மட்டும் இருந்தார்கள். "தெக்க ஒரு குடியிருப்பு. தூங்கற கூடத்துல விரிசல். கிடங்குல இருந்து காத்து எடுக்கட்டுமான்னு திரை கேட்டுச்சு. மேசையில இருந்த பையன், கிடங்குல ஆள் இருந்தா என்ன பண்றதுன்னு போன் போட்டு விசாரிச்சுட்டு இருந்தான். கிடங்குல யாருமே இல்லீங்க. அவன் கேட்டு முடிக்கறதுக்குள்ள கூடத்துல ஒருத்தரும் மிஞ்சல. அதுக்கப்பறம் எல்லாக் குடியிருப்புலயும் அந்த வரியைத் திரையில இருந்து எடுத்துட்டாங்க. எங்க போகுதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும், எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சாக் கை நடுங்கும்னு."

"கிணத்துல ஆள் இல்லைன்னு யார் பார்த்தது?"

"லிஃப்ட் மேல நின்னாக் கிணறு காலின்னு கணக்குங்க. ஏணியில போகக்கூடாதுன்னு விதி இருக்குது. விதிப்படி அங்க யாரும் இல்ல."

அரசி அவரையே பார்த்தாள். அவர் தொடர்ந்தார்.

"ஓட்டையை அடைச்சதும் கிணத்துக்குக் காத்தைத் திருப்பி விட்டேன். கதவைத் திறந்தா தேவஇரக்கம் கிடக்கறாரு. பூட்டிட்டு வந்தேன். கூடத்துல அந்தம்மாவைச் சுத்தி எல்லாரும் நின்னு கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டு இருக்காங்க. யாரோ கேசரி கிண்டிக் குடுத்திருக்காங்க. அவருக்கும் வேணும்னு அந்தம்மா ஒரு கிண்ணத்துல எடுத்து மூடி வெச்சுட்டு இருந்தாங்க. நான் போய் என்னன்னுங்க சொல்றது? சாயங்காலம் வரைக்கும் யோசிச்சேன். தவறி விழுந்துட்டாருன்னு இருந்தா அழுதுட்டுப் போயிருவாங்க. உங்க கையாலதான்னு சொன்னா? தவறி விழுந்தாருன்னே எழுதிட்டுப் போங்க மேடம். நான்தான் கெஞ்சறேன்."

அரசிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. இந்த மனிதர் மறைத்தது எல்லாம் கொலைக் குற்றத்தை என்றே நினைத்திருந்தாள். தனியாகப் பேசலாமா என்று கேட்டபோது ஒரு நிமிடம் ஒதுங்கியிருந்தால் லீலா அந்தப் போனை எடுத்திருக்க மாட்டாள். இருந்தாலும் பழகிப்போன சந்தேகம் அவளை விடவில்லை.

"அன்னிக்கு அப்புறம் அந்தத் திரையை மாத்தினீங்களா?"

நாச்சிமுத்து கைக்குட்டையால் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஏணிக்குப் போற கதவுல ஒரு மணியாவது கட்டினீங்களா? லிஃப்டை மத்தியானம் விட்டீங்களா?"

"மாத்தினா ஏன்னு கேப்பாங்களேங்க," என்றார் மெல்ல. "கேட்டா அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிரும்."

"அப்போ இன்னிக்கும் கிணத்துல ஆள் ஏறி இறங்கறாங்க. அந்த மேசையில சகாயம் உக்காந்திருக்கான்."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். அது இரக்கமா, தப்பித்துக்கொள்ள அகப்பட்ட இரக்கமா என்று அரசியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவருக்கே தெரியாது என்று தோன்றியது.

மறுநாள் அறிக்கையை எப்படி முடிப்பது என்று தெரியாமல் அவள் லீலாவின் கதவைத் தட்டினாள். லீலா காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"தவறி விழுந்தார்னு எழுதச் சொல்றார் நிர்வாகி. உங்களுக்காக. நீங்க சொன்னா நான் அப்படியே எழுதறேன்," என்றாள் அரசி. சொல்லும்போதே அவளுக்கு அது அசிங்கமாக இருந்தது.

"நான் சொன்னா?" லீலா டம்ளரைக் கையில் உருட்டினாள். "அம்மா, நேத்து ராத்திரி பூரா ஒண்ணுதான் நெனச்சேன். எங்கேர்ந்து எடுக்குதுன்னு அன்னைக்குத் திரையில காட்டியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்? கிணறுன்னு போட்டிருந்தா, அவிய ஏணியில வருத நேரமாச்சேன்னு நெனச்சிருப்பேன். போன் போட்டுக் கேட்டிருப்பேன். கூடத்துல அத்தனை பிள்ளைய. அதுகளுக்கு ஏதாவது ஆயிருந்தாலும் ஆயிருக்கும். எனக்கு விடை தெரியல. ஆனா அது நான் முடிவு பண்ணியிருக்க வேண்டியதும்மா. எனக்குத் தெரியாமலே என் கைய வச்சு முடிவு பண்ணிட்டாவ."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நிர்வாகி நல்ல மனுசர்தான். ஆனா எல்லாரும் என் பேரைச் சொல்லிக்கிட்டு எனக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிடுதாவ. நீங்க உள்ளதை எழுதுங்க. அமுக்குனது லீலான்னு என் பேரையும் போட்டு எழுதுங்க. பேர் இல்லேன்னா அடுத்த வருசமே மறந்துருவாவ."

அரசி அப்படியே எழுதினாள்.

*

அறிக்கை வெளியானபின் எல்லாக் குடியிருப்பிலும் திரை மாறியது. காற்று எடுக்கும் இடத்தின் பெயரும் இப்போது வந்தது. கிணறு மாதிரியான இடம் என்றால், உள்ளே ஆள் இல்லை என்று ஒருவர் கதவருகே நின்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. நாச்சிமுத்துவை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். வெண்குழியில் சிலர் லீலாவைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பினார்கள். சிலர் உன் தப்பு இல்லை என்று கையைப் பிடித்துச் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றினாயே என்று நன்றி சொன்னவர்களிடம் என்ன பேசுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் அரசிக்கு அடுத்த வருடம் வேறொரு வேலையாக வெண்குழிக்குப் போனபோதுதான் தெரிந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கோ சுவர் மூட்டு ஒன்று விட்டுப்போய் விசில் அடிப்பதுபோல் சத்தம் வந்தது. காது அடைத்தது. பெஞ்சுகள் உருண்டன. பக்கத்தில் இருந்த கிழவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

"காத்து ஏன் இன்னும் வரல?" என்று ஒருவர் கத்தினார். "மேசையில எவன்டா தூங்குறான்?"

"கிணத்துல ஆள் பாக்குறாங்களாம். போன வருசம் போட்ட விதி."

"ஒரு ஆளுக்காக இத்தனை பேரும் சாகணுமா?"

ஒரு தாய் குழந்தையின் காதுகளைப் பொத்திக்கொண்டு அரசியின் பக்கம் திரும்பினாள். முகத்தில் கெஞ்சலும் கோபமும் ஒன்றாக இருந்தன. இந்த விதி இவள் எழுதிய அறிக்கையால் வந்தது என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்க வழியில்லை. அரசிக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கும் மூச்சு முட்டியது. அவளுக்கும் பயமாக இருந்தது. கிணற்றுக் கதவைச் சீக்கிரம் மூடித் தொலையுங்களேன் என்று அவளும் ஒரு கணம் நினைத்தாள்.

கூடத்தின் கடைசியில் கிணற்றுக்குப் போகும் நடை. அங்கிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. யார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாள். லீலா என்றார் அவர். காற்று மேசையை விட்டுவிட்டுக் கிணற்றடி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

"உள்ள யாராச்சும் இருக்கீயளா?" என்று கிணற்றுக்குள் தலையை நீட்டிக் கூப்பிட்டாள் லீலா. அந்தக் குரல் இருபது மாடியும் ஏறிப் போய்த் திரும்பி வந்தது. பதில் இல்லை.

விதிப்படி ஒரு முறை கூப்பிட்டால் போதும். கதவை மூடும் சத்தத்துக்காகக் கூடமே காத்திருந்தது. அது வரவில்லை. அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். இந்தத் தடவை குரல் மெதுவாக இருந்தது. அறைக்குள்ளிருந்து பக்கத்து அறைக்குக் கூப்பிடுவதுபோல.

"என்னங்க... உள்ள இருக்கீயளா?"

அப்புறம் கதவு மூடியது. காற்று வந்தது.